சேன் ழுஸ்துக்கு அழுதவள்

ஃபாதர் இன்னும் கொஞ்ச நேரம் பிரசங்கம் வைத்தால் நல்லது. கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிவதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார், சொல்லட்டும். பின்வரிசையில் யாரோ கொட்டாவி விடுகிறார்கள், மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றுகிறது, சீக்கிரம் முடிந்தால் தேவலை என்றுதான் எல்லாருக்கும் இருக்கும், வெளியே காபியும் சமோசாவும் ஆறிக்கொண்டிருக்கின்றன. இந்தப் பூசை முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் இந்தக் கோயிலில் நான் ஒருத்திதான். பிரசங்கம் முடிந்தால் காணிக்கை, அப்புறம் நற்கருணை, அது முடிந்ததும் எதித் அக்கா எழுந்து மைக்குக்குப் போவாள். எதித் அக்கா என் வீட்டுக்காரரின் அக்கா. அப்பாவின், அதாவது என் மாமனாரின், முப்பதாம் நாள் பூசைக்காகவே பாரிஸுக்குத் திரும்புகிற பயணத்தைத் தள்ளிப் போட்டவள். காலையில் எனக்குக் கொசுவம் பிடித்துவிட்டுக்கொண்டே, வாயில் ஊக்கை வைத்துக்கொண்டு சொன்னாள், "சீலி, இன்னிக்கு எல்லார் முன்னாடியும் ஒனக்கு நன்றி சொல்லப் போறேன். வேணான்னாலும் வுட மாட்டேன்." எதுக்குக்கா என்றேன். ஊக்கை எடுத்துவிட்டு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அப்பாவுக்குத் தெனம் சாயந்திரம் பிரெஞ்சு நாடகம் போட்டு வச்சியே, அதுக்கு. பெத்த பொண்ணு நான் வாரத்துக்கு ஒரு வாட்டி போன் பண்றதோட சரி. நீ கதவத் தெறந்து வச்சு, சத்தத்தக் கூட்டி வச்சு, ஒனக்காகப் பாக்கற மாதிரியே நடிப்பியாமே? போன்ல சொல்லிச் சொல்லி சிரிப்பாரு. அவ நடிக்கிறா, நானும் தெரியாத மாதிரி நடிக்கிறேன்னுவாரு." அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இல்லைக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அசைந்தால் மடிப்பு கலைந்துவிடும் என்பதுபோல மரம் மாதிரி நின்றேன்.

நான் நடிக்கவில்லை. நடித்தவன் வேறொருத்தன். அவன் பெயர் பஸ்தியன் லெர்வூ, கோயிலுக்குள் உட்கார்ந்து நினைக்கும்போதே காது மடல் சுடுகிறது. பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி வந்த ஒரு வெப் சீரீஸில் சேன் ழுஸ்தாக வருகிறவன். சேன் ழுஸ்த் யாரென்று என் வீட்டுக்காரருக்கே தெரியாது, இங்கே யாருக்குத் தெரியப் போகிறது. புரட்சித் தலைவர் ரோபெஸ்பியருக்கு வலது கையாக இருந்த இளைஞன், அழகன், பேசினால் சபை நடுங்கும், இருபத்தாறு வயதில் தலையை வெட்டிவிட்டார்கள். பாடப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லாத அவனுக்காக நான் இரண்டு வருஷம் உருகியிருக்கிறேன். அவனுக்காகவா, அவனாக நடித்தவனுக்காகவா என்று கேட்டால் எனக்கே தெரியாது. சேன் ழுஸ்தின் அந்தக் காலத்து ஓவியங்கள் எனக்குப் பிடிக்காது, மூக்கு லெர்வூ மூக்கு மாதிரி இல்லை. அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன், தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை கோவையில் காலேஜில் படிக்கிறான், முதல் நாள் காட்சிக்கு லீவு போட்டுவிட்டுக் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றிவிட்டு வருகிற பையன்களை வகுப்பில் எழுப்பி நிற்க வைத்து, பாலில் என்ன புரதம் இருக்கிறது சொல்லு பார்ப்போம் என்று மானத்தை வாங்கியிருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்ன செய்தேன்? பிரேசிலிலும் போலந்திலும் கொரியாவிலும் இருக்கிற பெண்களோடு ஒரு குழுவில் சேர்ந்துகொண்டு, சேன் ழுஸ்த் இறந்த ஜூலை மாதத்து நாளில் முகப்புப் படத்தைக் கறுப்பாக்கினேன். என் வீட்டுக்காரர் பெனுவாவின் புது வேட்டியில் ஒரு முழம் கிழித்து லெர்வூ கழுத்தில் கட்டுகிற மாதிரி வெள்ளைத் துணி தைத்தேன், கட்டிப் பார்த்துப் படம் எடுத்து அந்தக் குழுவில் போட்டேன், வேட்டி எங்கே என்று பெனுவா கேட்டபோது சலவைக்காரர் மேல் பழி போட்டேன். போலந்துக்காரி ஒருத்தி, பழைய படம் ஒன்றில் நடித்தவன்தான் அசல் சேன் ழுஸ்த், லெர்வூ வெறும் பொம்மை என்று எழுதிவிட்டாள். அவளோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன், திருத்த வேண்டிய விடைத்தாள் மேசை மேல் குவிந்து கிடந்தது. அவளுக்குப் பிரெஞ்சு தெரியும். எனக்குத் தெரியாது. திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான், போன்ழூருக்கு மேல் ஒன்றும் வராது, கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தைப் படித்துக்கொண்டே அவன் குரலைக் கேட்பேன். குரல் மட்டும் போதும் என்று அந்தக் குழுவில் எழுதினேன், நூறு பேர் இதயம் போட்டார்கள். நான் எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அந்தக் குரல் சொன்னதில் ஒரு எழுத்து விடாமல் புரிந்துகொள்ளக் கூடிய மனிதர் என் அறைக்கு வெளியே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

எல்லாரும் எழுந்துவிட்டார்கள், நானும் எழுகிறேன். காணிக்கைப் பாட்டு. பீடத்துக்குப் பக்கத்தில் மாமா படம், மல்லிகை மாலை, கோட்டில் வரிசையாக மெதாய்கள், பட்டாளத்தில் கொடுத்த பதக்கங்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்பார்கள், எங்கள் தெருவில் மாமாவுக்கு சொல்தா சவரி என்றுதான் பெயர். சவரிநாதன் என்றால் தபால்காரருக்குக்கூடத் தெரியாது. பதினெட்டு வயதில் கப்பலேறியவர், அல்ஜீரியாவில் இருந்தார், அப்புறம் எங்கெங்கோ இருந்தார், எங்கே என்று எனக்குத் தெரியாது, கேட்டதில்லை. லெர்வூ காலையில் என்ன சாப்பிடுவான் என்று தெரியும், அவன் நாய்க்குப் பெயர் தெரியும். மாமாவின் மெதாய் ஒவ்வொன்றும் எதற்குக் கொடுத்தார்கள் என்று இந்தக் கோயிலில் யாராவது இப்போது என்னைக் கேட்டால் முழிப்பேன். எத்தனை வருஷம் ஒரே வீட்டில் சோறு போட்டேன், சுகர் மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், கஞ்சியில் உப்புப் போதுமா என்று கேட்டேன். அந்த ஒரு கேள்விதான் நான் அவரைக் கேட்டது. கேட்க ஆரம்பித்தால் நீளமாகப் பேசுவார் என்று பயம், உண்மை அதுதான், எபிசோடு போய்விடும் என்று பயம்.

அவர் இறந்த அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் இத்தனை தூரம் போயிருக்காது. காலையில் காபியோடு போய் எழுப்பினேன், எழவில்லை, தூக்கத்திலேயே போயிருந்தார், கையைத் தொட்டுப் பார்த்ததும் எனக்கு வந்தது பயம்தான். பெனுவா குழந்தை மாதிரி அழுதார். மறுநாள், அடக்கத்துக்கு முன்னால், வில்லியனூரிலிருந்து வந்த பெரியம்மா ஒருத்தி சுவரோரம் உட்கார்ந்துகொண்டு, முக்காட்டுக்குள்ளிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மருமவளுக்குக் கண்ணு காஞ்சே கெடக்குது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னாள். அழ வேண்டும், அழுதே ஆக வேண்டும், என்னத்தை நினைத்தால் அழுகை வரும் என்று மனசுக்குள் தேடினேன், செத்துப்போன என் அம்மாவை நினைத்தேன், வரவில்லை. அப்போது அது தானாக வந்தது, நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டேனோ என்னமோ. கட்டை வண்டியில் நிற்கிறான் சேன் ழுஸ்த், கை பின்னால் கட்டியிருக்கிறது, சட்டைக் கழுத்தைக் கத்தரித்து விட்டிருக்கிறார்கள், கூட்டம் காறித் துப்புகிறது, அவன் யாரையும் பார்க்காமல் தெருக்கோடி வானத்தைப் பார்க்கிறான், லெர்வூவின் அந்தக் கழுத்து. அவ்வளவுதான், மடை உடைந்தது. ஐயோ என்று கத்திவிட்டேன். மாமா காலடியில் விழுந்து தேம்பினேன், பெரியம்மாவே எழுந்து வந்து என்னைத் தாங்கினாள், யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து ஏர்போர்ட்டிலிருந்து எதித் அக்கா உள்ளே நுழைந்தாள். அவள் முதலில் பார்த்தது அப்பாவை இல்லை, என்னை. அப்படியே என் மேல் சாய்ந்துகொண்டு, "நீதாண்டி அவருக்குப் பொண்ணு, நீதாண்டி" என்றாள். அவள் கன்னம் என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது, இரண்டு பேர் கண்ணீரும் கலந்து வழிந்தது, அவளுடையது அப்பாவுக்கு, என்னுடையது ஒரு சீரீஸ் நடிகனுக்கு. அப்போதுகூட ஒரு மூலையில் நினைத்தேன், இதைக் குழுவில் எழுதினால் எப்படி இருக்கும் என்று. எழுதவில்லை. நினைத்தேனே, அது போதாதா.

மணி அடிக்கிறது, முழங்காலில் நிற்கிறோம். பெனுவா பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். அவர் மின்துறையில் இருக்கிறார், வீட்டுக்கு வர எட்டு மணி ஆகும், சாயங்காலத்தில் வீட்டில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நானும் மாமாவும்தான், மாமா படத்துக்குள் போய்விட்டார். முதலில் கதவு திறந்துதான் இருந்தது, அதில் பொய் இல்லை. காற்றுக்காகத் திறந்து வைத்தேன். சத்தத்தைக் கூட்டி வைத்தது எனக்கு அந்தக் குரல் நெஞ்சுக்குள் இறங்க வேண்டும் என்பதற்காக. மாமா நாற்காலியை இழுத்து இழுத்துக் கதவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வார், வெயில் அங்கே வராது என்று நானாக நினைத்துக்கொண்டேன். தூங்குகிறார் என்று நினைத்தேன், கண்ணை மூடிக்கொண்டுதானே இருப்பார். போன டிசம்பரில், குடிலுக்குக் களிமண் வாங்கி வைத்த வாரம், புது எபிசோடு வந்தது. சபையில் சேன் ழுஸ்த் எழுகிறான், எதிராளி ஒருத்தன் என்னவோ குத்தலாகச் சொல்கிறான், இவன் திரும்பி நின்று ஒரே ஒரு வரி பதில் சொல்கிறான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த நேரத்தில் வெளியே மாமா சிரித்தார். புன்னகை இல்லை, வாய்விட்டு, தொடையைத் தட்டிக்கொண்டு. எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்தது? போலந்துக்காரி சிரித்த மாதிரி இருந்தது. என் சாமியைக் கிண்டல் செய்த மாதிரி இருந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். மெதுவாகச் சாத்தவில்லை, சாத்தினது அவருக்குத் தெரிய வேண்டும் என்று சாத்தினேன். பாதி சிரிப்பில் அவர் நிறுத்தினது கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

கதவைச் சாத்தினால் புழுக்கம், அதனால் மறுநாள் ஹெட்போன் வாங்கினேன். அதற்குப் பிறகு கதவு திறந்தேதான் இருந்தது. அவர் நாற்காலியும் அங்கேயேதான் இருந்தது. நான் லேப்டாப்போடு கட்டிலில் சாய்ந்துகொண்டு காதை அடைத்துக்கொண்டு அழுவேன், சிரிப்பேன், அவர் வாசல் பக்கத்திலிருந்து என்னைப் பார்ப்பார். நாலைந்து நாள் பார்த்துவிட்டு ஒரு நாள் கையை ஆட்டிக் கூப்பிட்டார். எரிச்சலோடு ஒரு காதை எடுத்தேன். "சீலி, மெஷின்ல சத்தம் போயிடிச்சாம்மா? பெனுவாகிட்ட சொல்லி ரிப்பேருக்குக் குடுக்கச் சொல்லட்டா?" என்றார். "இல்ல மாமா, ஹெட்போன் போட்டிருக்கேன். உங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு." உங்களுக்கு என்று வேறு சொன்னேன். "ஆ, பியான், பியான்" என்றார். நல்லது நல்லது என்று அர்த்தம், அது மட்டும் எனக்குத் தெரியும். அவ்வளவுதான் நடந்தது. சண்டை இல்லை, ஒரு கடும் சொல் இல்லை, கேட்டால் இதெல்லாம் ஒரு தப்பா என்று யாரும் சொல்வார்கள். ஒரு கிழவர், வாயைத் திறந்து எனக்கும் கொஞ்சம் கேட்கட்டுமே என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, மெஷின் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார். பன்னிரண்டாம் வகுப்புப் பையன் இதைவிடச் சுற்றி வளைத்துக் கேட்டாலும் எனக்குப் புரியும். அன்றைக்குப் புரியவில்லை. புரியவில்லையா, புரிய வேண்டாம் என்று இருந்தேனா?

எதித் அக்கா காலையில் இன்னொன்று சொன்னாளே, அதுதான் முள்ளாக நிற்கிறது. "போறதுக்கு மொத வாரம் கூட சொன்னாருடி, நேத்து நல்ல காட்சி ஒண்ணு போட்டா சீலின்னு." மொத வாரம். கிறிஸ்மஸ் முடிந்து, ஈஸ்டர் முடிந்து, வெயில் காலமே வந்துவிட்டது, அத்தனை மாதமாக அந்த வீட்டில் ஒரு பிரெஞ்சு வார்த்தை சத்தமாகக் கேட்டதில்லை. பின்னே ஏன் சொன்னார்? என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றா? மகள் வருத்தப்படுவாள், உடனே கிளம்பி என்கிட்ட வந்துடுங்க என்பாள், குளிரில் போய்க் கிடக்க வேண்டும் என்றா? போனில் சொல்ல வேறு ஒன்றும் இல்லாமலா? எதை எடுத்துக்கொண்டாலும் முடிவில் என் தலையில்தான் வந்து நிற்கிறது. நிஜமாகவே நான் அவருக்காகத்தான் போட்டேன் என்று நம்பியிருந்தால், அந்தக் கதவைச் சாத்தினபோது என்ன நினைத்திருப்பார்? கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டாள் என்றுதானே? நற்கருணைக்கு வரிசை நகர்கிறது. போகாமல் உட்கார்ந்திருந்தால் வில்லியனூர்ப் பெரியம்மா பார்ப்பாள், போனால் இந்த நாக்கை நீட்ட வேண்டும், பார்க்கிற கண்ணுக்குப் பயந்து போகிறேன், வாங்குகிறேன், ஆமென் என்கிறேன், திரும்பி வந்து முகத்தை மூடிக்கொள்கிறேன். பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். நான் என்ன செய்தாலும் இவர்களுக்கு நல்லதாகவே தெரிகிறது, அதற்கு நான் எங்கே போவேன். அக்கா சொல்லி முடித்ததும் எழுந்து சொல்லிவிட வேண்டும். கொசுவத்துக்குப் பயந்த மாதிரி இதற்கும் பயந்தால் சாகிற வரைக்கும் இந்த நன்றி என் கழுத்தில் தொங்கும். சொன்னால் பெனுவா என்ன நினைப்பார்? அக்கா அப்புறம் என் முகத்தில் முழிப்பாளா? என் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் மூன்று பேர் வந்திருக்கிறார்கள், நாளைக்கே ஸ்டாஃப் ரூமில் லெர்வூ பெயர் அடிபடும். அடிபடட்டும். சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும்.

அக்கா மைக்கைத் தட்டுகிறாள். தொண்டையைக் கனைக்கிறாள். பேசுகிறாள், எனக்கு விட்டு விட்டுத்தான் கேட்கிறது, காதுக்குள் என் ரத்தம் ஓடுகிற சத்தம். அப்பா பாஷை இங்கே யாருக்கும் தெரியாமல் போனது, அம்மா போனபிறகு அவர் பிரெஞ்சில் பேச ஆளில்லாமல் தனியானது, அப்போது என் தம்பி பொண்டாட்டி ஒருத்தி என்கிறாள். கோயிலே திரும்பிப் பார்க்கிறது. "பிரெஞ்சு ஒரு வார்த்த தெரியாதவ, தெனம் ஸ்கூல்லேர்ந்து வந்து, காலு வலிக்க வலிக்க, அப்பாவுக்காக ஒக்காந்து அந்த நாடகத்தப் பாத்தா. சீலி, இங்க வா." போகிறேன். படி தடுக்குகிறது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள், மைக் என் வாய்க்கு நேரே இருக்கிறது, சொன்னேன். "அக்கா சொன்னது சரியில்ல. மாமாவுக்காக நான் போடல. எனக்காகத்தான் போட்டேன். அதுல நடிக்கிறவர எனக்குப் பிடிக்கும், அதான். மாமா ஒரு நாள் சிரிச்சாரு, எனக்குக் கோபம் வந்து கதவச் சாத்திட்டேன். அப்புறம் அவருக்குக் கேக்காத மாதிரி ஹெட்போன் போட்டுக்கிட்டேன். மெஷின்ல சத்தம் போயிடுச்சான்னு கேட்டாரு. அப்பக்கூட நான் எடுக்கல." குரல் உடைந்துவிட்டது. முன்வரிசையில் ஒரு அம்மா மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் இன்னொருத்தி. எதித் அக்கா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, அழுதுகொண்டே மைக்கில் சொன்னாள், "பாத்தீங்களா? இப்பக்கூட செஞ்சத சொல்லிக்க மாட்டேங்கறா. எங்கப்பா சொன்னது அப்படியே இருக்கு, ஒத்துக்கவே மாட்டான்னு சொன்னாரு." ஃபாதர் எழுந்து என் தலையில் கை வைத்தார். இந்தத் தாழ்ச்சிதான் கோதுமை மணி என்றார். இல்ல ஃபாதர், நெஜமாவே என்று நான் சொன்னது மைக்குக்கு எட்டவில்லை, இறுதிப் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

வெளியே கோயில் முகப்பில் நிற்கிறேன். யார் யாரோ வந்து கையைப் பிடித்துவிட்டுப் போகிறார்கள். வில்லியனூர்ப் பெரியம்மா கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். பெனுவா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்னை ஒரு மாதிரி பெருமையாகப் பார்த்துவிட்டுப் போனார், அந்தப் பார்வைக்குப் பதில் ஒரு அறை வாங்கியிருக்கலாம். கூட்டம் கலைகிற நேரத்தில் தடியை ஊன்றிக்கொண்டு முசே கலியபெருமாள் வந்தார், முசே என்றால் ஐயா. மாமாவோடு ஒரே பட்டாளத்தில் இருந்தவர், சாமி கும்பிடுவது வேறு கோயிலில் என்றாலும் பூசை முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், இவரும் மெதாய் குத்திக்கொண்டு வந்திருக்கிறார். காது சுத்தமாக மந்தம். "என்னம்மா பேசின மைக்குல? எனக்கு ஒண்ணும் உழல. பொம்பளைங்கல்லாம் மூக்கச் சிந்துதுங்க." ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். அவர் கிட்டே வந்து, காது கேளாதவர்கள் பேசுகிற மாதிரி உரக்கப் பேசினார். "சவரி வெளக்கு வச்சா எங்கூட்டுக்குத்தான் வருவான், தெரியுமில்ல? அந்த வலிக்கிற கால இழுத்துக்கிட்டு." தெரியாது. கடற்கரைக்குப் போகிறார் என்று நினைத்தேன், நடங்க மாமா, நடந்தா சுகர் கொறையும் என்று சொல்லியும் அனுப்பினேன். "வந்து ஒக்காந்தா ஒங்கூட்டு நாடகம்தான். பிரெஞ்சுல பேசிக்கிட்டே இருப்பான், எனக்கு எங்க கேக்குது, மண்டைய ஆட்டுவேன். முக்கியமானத மட்டும் காதுகிட்ட வந்து கத்துவான். அந்தப் பய பேசனா ஒடம்பு சிலுக்குதுடான்னுவான். என்னமோ ஒரு பதிலு சொன்னானாமே, சவரிக்கு சந்தோசம் தாங்காம சிரிச்சிட்டானாம். நீகூட கதவ சாத்திட்டியாம். கெழவன் சிரிச்சா புள்ளைக்கு எப்படிக் காதுல உழும், எம் மேலதான் தப்புன்னான்."

காபி டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். முசே என் தோளைத் தட்டினார். "அது கெடக்கட்டும். அந்தப் பய என்னம்மா ஆனான்? அவன் பேச ஆரம்பிச்சான், எல்லாரும் சேந்து கத்தறானுவ, கதவுக்குப் பின்னால அது வரைக்கும்தான் கேட்டுதாம். தப்பிச்சிட்டானா, தலைய எடுத்துட்டானுவளா? நாங்க எங்க சரித்திரம் படிச்சோம், சொன்ன எடத்துல சுட்டோம், வந்துட்டோம். சவரிக்கு அதே ரோசன. அட, மருமவளத்தான் கேளேண்டான்னேன். வேணாம்டா, அந்தப் புள்ள அவன் மேல உசிர வச்சிருக்குது, செத்துட்டான்னா அத அது வாயாலயே எப்படிச் சொல்லச் சொல்றதுன்னான்." அந்தக் கடைசி எபிசோடை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். காதை அடைத்துக்கொண்டு, அவர் கண் முன்னாலேயே.

"வெட்டிட்டாங்க முசே" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை, கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு குனிந்தார். வெட்டிட்டாங்க என்றேன் மறுபடியும். "ஆங்?" என்றார். என்னால் முடிந்த மட்டும் கத்தினேன், தலைய வெட்டிட்டாங்க முசே என்று, சமோசா தட்டோடு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், எதித் அக்கா ஓடி வந்தாள், நான் இன்னொரு தடவை கத்தினேன், வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாங்க, அவன் ஒண்ணுமே பேசல, வெட்டிட்டாங்க. முசே கலியபெருமாளுக்கு இப்போது கேட்டது. அடப்பாவமே, சின்னப் பயலாமே என்றார். அப்புறம் தடியை எடுத்துக்கொண்டு, "சரிம்மா. நாளைக்குக் கல்லறைக்குப் போறேன். நானே சொல்லிடறேன்" என்றார்.